பட்டன் கொலைகாரி

எங்க ஆபீஸ்ல எனக்கு வச்சிருக்கிற பேரு பட்டன் கொலைகாரி. முதுகுக்குப் பின்னால இல்லை, மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க. நானும் கூப்பிட்டாங்களேன்னு திரும்பிப் பார்ப்பேன். எக்ஸ்ரே மெஷின் செய்யற கம்பெனி எங்களோடது. கதிர் வர்ற குழாயை ஒருத்தர் செய்வார், படுக்கையை இன்னொருத்தர் செய்வார். டெக்னீஷியன் கையை வைக்கிற பேனல் இருக்கே, அது மட்டும் என் பொறுப்பு. எது எங்கே இருக்கணும், எது இருக்கவே கூடாதுன்னு முடிவு பண்றதுதான் என் பொழப்பு.

நான் சேர்றதுக்கு முன்னாடி செஞ்ச பழைய மாடல்ல நாப்பதுக்கு மேல பட்டன். அதுல பாதியை யாரும் தொடறதே இல்லைன்னு, எக்ஸ்ரே ரூம் ரூமா போய் நின்னு பார்த்துட்டு வந்து சொன்னேன். தொடற பட்டன்ல எழுத்து அழிஞ்சிருக்கும், தொடாத பட்டன்ல தூசி படிஞ்சிருக்கும். இதுக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கண்ணு இருந்தா போதும். புது மாடலுக்கு ஒம்பது பட்டன் வச்சு வரைஞ்சு கொடுத்தேன். மேனேஜருக்கு மனசே ஆறலை. அவருக்கு நாங்க வச்ச பேரு 'இன்னொண்ணு'. எந்த மீட்டிங் முடிஞ்சாலும் எழுந்து கதவு வரைக்கும் போயிட்டு, இன்னொண்ணு மட்டும் சேர்த்துடலாமேன்னு திரும்பி வந்து உக்காருவார். வாங்க வர்றவங்க பேனலைப் பார்த்ததும் கண்ணு நிறையணுமாம். கண்ணு நிறையறதுக்கு வேற ஏதாவது பார்க்கட்டும், இது நோயாளி படுக்கிற இடம்னு நான் சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், அதை நான் மறைக்கிறதும் இல்லை.

அந்த ஒம்பதுல முதல் ரெண்டு எதுன்னா, பெரியவர்னு ஒண்ணு, குழந்தைன்னு ஒண்ணு. ஒவ்வொரு படம் எடுக்கிறதுக்கு முன்னாடியும் ரெண்டுலயும் விளக்கு எரியும். ஏதாவது ஒண்ணை அழுத்தினாத்தான் கதிர் வரும், இல்லைன்னா மெஷின் மரக்கட்டை மாதிரி கிடக்கும். பழைய மாடல்ல அந்த ரெண்டு பட்டனே கிடையாது. ஸ்க்ரீன் மூலையில நகம் அளவுக்கு ஒரு மனுஷப் படம், அதைத் தொட்டா சின்னதாகி குழந்தை. இதாவது பரவாயில்லை. நெஞ்சுப் படத்துல இருந்து வயித்துப் படத்துக்கு மாத்தினா அது தானாவே பெரியவருக்குப் போயிடும். ஒரு சத்தம் கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. இதை யாரு இப்படி வச்சதுன்னு ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன், ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தாங்க.

என் அக்கா எக்ஸ்ரே டெக்னீஷியன். அவ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில இருக்கிறது எங்க கம்பெனியோட அந்தப் பழைய மாடல்தான். எங்க வீட்டுல பிடிவாதம் மொத்தமும் அவ எடுத்துக்கிட்டது போக மிச்சம்தான் எனக்கு வந்துச்சுன்னு அத்தான் சொல்லுவார். அத்தான்னா அவ வீட்டுக்காரர், பஸ் ஓட்டுறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

ஒரு நாள் காலையில எங்க கம்பெனி சர்வீஸ்காரர் அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினைச் சோதிச்சு, துடைச்சு வச்சுட்டுப் போயிருக்கார். அவர் போனதும் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. பொம்மையில இருந்து கழண்ட திருகை முழுங்கிட்டான். அக்கா குழந்தைன்னு வச்சு நெஞ்சுப் படம் எடுத்தா, திருகு அதுல இல்லை. வயித்துக்கு மாத்தினா. மெஷின் சத்தமில்லாம பெரியவருக்குப் போயிடுச்சு. அக்கா அழுத்திட்டா.

படம் நல்லாத்தான் வந்துச்சு. திருகு பளிச்சுனு தெரிஞ்சது, டாக்டருக்கும் சந்தோஷம். இந்தக் காலத்து மெஷின் வெளிச்சத்தைத் தானே சரி பண்ணிடும், அதனால பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அக்கா மட்டும் கீழே பொடி எழுத்துல இருந்த டோஸை, அதாவது கதிர் அளவைப் பார்த்தா. ஒரு பெரிய ஆளுக்குக் கொடுக்கிற டோஸ் அந்தப் பச்சை மண்ணு மேல விழுந்திருக்கு. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒரு ஈ காக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொன்னா, குழந்தையோட அம்மாகிட்டயும் தானே போய்ச் சொன்னா. ஒரு தடவைங்கிறதால இப்போ பயப்பட ஒண்ணும் இல்லை, ஆனா பட வேண்டிய அவசியமே இல்லாத கதிர்னு டாக்டர் சொன்னார். அந்த அம்மா முதல்ல அழுதாங்க, அப்புறம் அக்காவைக் கண்டபடி திட்டினாங்க. பெத்த வயிறு பதறத்தானே செய்யும். மத்தியானத்துக்குள்ள அக்காவை, விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருன்னு அனுப்பிட்டாங்க.

கூடவே ஒரு தாளையும் டைப் அடிச்சுக் கொடுத்திருந்தாங்க. 'என் கவனக்குறைவால்'னு ஆரம்பிச்சு மன்னிப்புல முடியற நாலு வரி. கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட திரும்ப வேலைக்கு வந்துடலாம். போடலைன்னா விசாரணை, வேலை போனாலும் போகலாம். கதிர் விஷயத்துல வேலை போனவளை வேற எந்த ஆஸ்பத்திரியும் வாசப்படி ஏத்தாது.

நான் அக்கா வீட்டுக்குப் போனப்போ அத்தான் சமையல்கட்டு வாசல்ல நின்னு கெஞ்சிக்கிட்டிருந்தார். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சுட்டு நிம்மதியா இருன்னார். அக்கா அவரைக் கண்டுக்கவே இல்லை, என்னைப் பார்த்தா.

"உன் கம்பெனி மெஷின்தானே. நீ சொல்லு. அது தானா மாறுதா, இல்லையா?"

"மாறுதுக்கா."

"அப்போ நான் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்தா அந்த விஷயம் என்னோட முடிஞ்சுடும். மெஷின் அப்படியே இருக்கும். நாளைக்கு வேற ஒருத்தி, வேற ஒரு குழந்தை."

அப்புறம் அவ சொன்னது எனக்குப் புதுசு. அந்தப் பேனல் தானா மாறுதுன்னு அவளுக்கும் அவகூட வேலை பார்க்கிறவங்களுக்கும் ரொம்ப நாளாத் தெரியும். அதனால மூலையில அந்த மனுஷப் படத்துக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, அதுல பேனாவால ஒரு அம்பு போட்டு வச்சிருக்காங்க. அழுத்தறதுக்கு முன்னாடி கண்ணு அந்த வெள்ளைத் துண்டுக்குப் போகும், அங்கிருந்து அந்த மனுஷப் படத்துக்குப் போகும். வருஷக்கணக்கா அப்படிப் பழகின கண்ணு. அன்னிக்குக் காலையில பிளாஸ்திரி அங்கே இல்லை. வெள்ளையா எதுவும் தட்டுப்படலை, கண்ணு நிக்காம கையோட போயிடுச்சு. துடைச்சவர் உரிச்சுட்டுப் போயிருக்கார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மறுநாள் எங்க சர்வீஸ்காரரை ஆபீஸ் வாசல் டீக்கடையில பிடிச்சேன். அவருக்குப் பளபளப்புன்னு பேரு. டீ கிளாஸைக்கூட ஒரு தடவை கைக்குட்டையால துடைச்சுட்டுத்தான் குடிப்பார், அப்படி ஒரு ஆளு. ஆமாம், உரிச்சேன்னு சாதாரணமா சொன்னார். கம்பெனி விதியாம் அது. சர்வீஸ் முடிஞ்சா மெஷின் தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரி இருக்கணும், ஸ்டிக்கர், டேப்பு, பிளாஸ்திரி எது இருந்தாலும் எடுத்துட்டுப் போட்டோ பிடிச்சு அனுப்பணும். அதுக்கப்புறம் அவர் ஒண்ணு சொன்னார் பாருங்க, கையில இருந்த டீயை நான் கீழே வச்சுட்டேன்.

"இவங்கன்னு இல்லைங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே மூலையில ஒட்டியிருக்காங்க. நான் உரிச்சுட்டு வருவேன். அடுத்த தடவை போனா மறுபடி இருக்கும்."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லாத ஜனங்க. அத்தனை பேரும் ஒரே இடத்தை விரல் நீட்டிக் காட்டியிருக்காங்க. ரூம் ரூமா போய்ப் பட்டனை எண்ணின நானும் அதை ஏதோ கிழிஞ்ச ஸ்டிக்கர்னு விட்டிருக்கேன். நாங்க அதுக்கு ஆளை அனுப்பித் துடைச்சுட்டு வந்திருக்கோம், சுத்தமா இருக்கணுமேன்னு. இதை ஏன்யா ஆபீஸ்ல சொல்லலைன்னு கத்தினேன். யாரும் கேக்கலையேன்னார் அவர். அதுவும் நியாயம்தான். கடைசியில, பிள்ளைகுட்டிக்காரன், என்னை இதுல மாட்டிவிட்டுடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் கையை உருவிக்கிட்டேன்.

நேரா மேனேஜர் இன்னொண்ணோட அறைக்குப் போனேன். அவர் ஏற்கனவே வக்கீல்கிட்ட பேசி வச்சிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் போற பதில் தயார். பேனல்ல ஒரு குறையும் இல்லை, படம் எடுக்கிற உடம்புப் பகுதியை மாத்தினா மறுபடி சரிபார்க்கணும்னு கையேட்டுல போட்டிருக்கு, பார்க்காதது டெக்னீஷியனோட தப்பு. சரி, கம்பெனி கையைக் கழுவத்தானே பார்க்கும்னு அதைக்கூட நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது அடுத்தது. புது மாடல்ல இருந்து பெரியவர், குழந்தை ரெண்டு பட்டனையும் எடுத்துட்டு, பழையபடி மூலைப் படத்தையே வைக்கச் சொன்னார். புதுசுல அதை முன்னாடி கொண்டுவந்து வச்சா, பழசுல தப்பு இருந்துச்சுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். இந்தப் புகை அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாமாம்.

"ஒம்பதுல ரெண்டைக் குறைக்கத்தானேம்மா சொல்றேன். நீங்கதான் குறைக்கிற ஆளாச்சே"ன்னு ஒரு சிரிப்பு வேற.

"வேண்டாததை எடுக்கறதுதான் சார் என் வேலை. வேணுங்கிறதை எடுக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு நின்னுடுச்சு. உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லதுன்னார். விசாரணைக்குக் கம்பெனி சார்பா தானும் சர்வீஸ்காரரும் போறதாவும், நான் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அது சரின்னு ஆட்டினதுன்னு அவரா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது.

விசாரணைக்குப் போறவங்க தங்களுக்காகப் பேச ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்னு விதி இருந்துச்சு. அக்கா யாரையும் கேக்கலை. நான் வர்றேன்னு சொன்னதும் சண்டைக்கு வந்தா. உன் வேலைக்கு நீயே வேட்டு வச்சுக்காதேடி, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா அம்மா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றதுன்னா. உன்கிட்ட நான் அனுமதி கேக்கலை, எத்தனை மணிக்குன்னுதான் கேட்டேன்னு சொன்னேன். அத்தான் அன்னிக்கு லீவு போட்டுட்டு எங்களைக் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, பார்த்துப் பேசுங்கன்னார்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்குப் பக்கத்துல ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் மூணு பேர், நடுவுல கண்காணிப்பாளர் அம்மா. கண்ணாடியைத் தலைக்கு மேல ஏத்திவிட்டுட்டு அதையே மேஜை மேல தேடிக்கிட்டிருந்தாங்க. எதிர்ப்பக்கம் இன்னொண்ணும் பளபளப்பும். என்னைப் பார்த்ததும் இன்னொண்ணு முகம் சுண்டிப் போச்சு. பளபளப்பு குனிஞ்சு தன் ஷூவைப் பார்க்க ஆரம்பிச்சார்.

இன்னொண்ணு முதல்ல பேசினார். நல்லாவே பேசினார், அதுல குறை சொல்ல முடியாது. எத்தனை ஆஸ்பத்திரியில இந்த மெஷின் ஓடுது, கையேட்டுல எந்தப் பக்கத்துல எச்சரிக்கை இருக்கு, இதெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்க வேண்டிய வேலைன்னு அடுக்கினார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவர் முடிச்சதும் கண்காணிப்பாளர் அம்மா அந்த நாலு வரித் தாளை அக்கா பக்கம் நகர்த்தி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, போட்டுடறீங்களான்னு கேட்டாங்க. அக்கா எழுந்து நின்னா.

"கை என்னோடதுதான் மேடம். நான் அழுத்தினேன்னு எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். கவனமில்லாம அழுத்தினேன்னு எழுதினா போட மாட்டேன். கவனமா இருக்கணும்னுதான் நாங்க அங்கே பிளாஸ்திரி ஒட்டினோம்."

என்ன பிளாஸ்திரின்னு அவங்க கேட்டாங்க. அக்கா சொன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி நான் யாருன்னு கேட்டாங்க. இவளோட தங்கை, இந்தக் கம்பெனியில பேனல் வரையறவளும் நான்தான்னு சொன்னதும் இன்னொண்ணு எழுந்துட்டார். கம்பெனி சார்பா பேச இவங்களுக்கு அதிகாரம் கிடையாதுன்னார். எனக்கும் அது தெரியும், நான் கம்பெனிக்காக வரலை, அக்காவுக்காக வந்திருக்கேன்னு சொல்லிட்டு, அந்தப் பேனல் என்ன பண்ணும்னு பூசி மெழுகாம சொன்னேன். வயித்துக்கு மாத்தினா பெரியவருக்குப் போகும், யார்கிட்டயும் சொல்லாமப் போகும், மாறினதைக் காட்ட அதுல நகம் அளவு படத்தைத் தவிர ஒண்ணும் இல்லை. கூடப்பிறந்தவ இப்படித்தானே பேசுவான்னு இன்னொண்ணு சொன்னார். அதுவும் வாஸ்தவம்தான்.

"அப்போ இவரைக் கேளுங்க. இவர் எனக்கு மாமனா, மச்சானா"ன்னு பளபளப்பைக் காட்டினேன்.

பாவமாத்தான் இருந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சின மனுஷன். ஆனா என் அக்கா வாழ்க்கை அந்த மேஜை மேல கிடந்துச்சு, எனக்கு அப்போ பாவபுண்ணியம் பார்க்க நேரமில்லை. கண்காணிப்பாளர் அம்மா அவரைக் கேட்டாங்க. அவர் இன்னொண்ணைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டே, ஆமாம் மேடம், நான்தான் உரிச்சேன், எல்லா ஊர்லயும் அதே இடத்துலதான் ஒட்டியிருக்காங்க, எல்லா ஊர்லயும் உரிச்சிருக்கேன்னு சொல்லிட்டார். சொன்னதும் உடம்பு லேசான மாதிரி நிமிர்ந்து உக்காந்தார்.

கண்காணிப்பாளர் அம்மா இன்னொண்ணைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"இத்தனை பேர் ஒட்டறாங்க, உங்க ஆளே போய் உரிக்கிறார். ஏன் ஒட்டறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

சுத்தம் சம்பந்தமான விதின்னு ஏதோ ஆரம்பிச்சார். பாதியிலேயே கையேட்டைப் புரட்ட ஆரம்பிச்சுட்டார்.

எங்களை வெளியில உக்கார வச்சுட்டுக் கூப்பிட்டாங்க. தாளைத் திருத்தி அடிச்சிருந்தாங்க. 'பெரியவருக்கான டோஸ்ல குழந்தைக்குப் படம் எடுத்துட்டேன், நானாவே வந்து தெரிவிச்சேன்', அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு வார்த்தையா படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டா. வர்ற திங்கள்கிழமை வேலைக்கு வரலாம்னாங்க. பேனலை மாத்திக் கொடுக்கிற வரைக்கும் அந்த மாடல்ல எந்தக் குழந்தையையும் படுக்க வைக்கக் கூடாதுன்னும், மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் இதை எழுதப் போறதாவும் சொன்னாங்க. அதைக் கேட்டதும் இன்னொண்ணு முகத்துல ஈயாடலை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், பொய் சொல்லுவானேன்.

வராந்தாவுல அந்தக் குழந்தையோட அம்மா உக்காந்திருந்தாங்க. அக்கா அவங்க முன்னாடி போய் நின்னா. மன்னிச்சேன்னு அவங்க சொல்லலை, அக்காவும் கேக்கலை. இனிமே அந்த மெஷின்ல குழந்தைங்களைப் போட மாட்டாங்களான்னு மட்டும் கேட்டாங்க. மாட்டாங்கன்னு அக்கா சொன்னா. சரின்னுட்டு எழுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அக்கா அழுதா. நானும்தான்.

மறுநாள் காலையில ஆபீஸ் போனா, என் மேஜை மேல ஒரு ராஜினாமாக் கடிதம் டைப் அடிச்சுத் தயாரா இருக்கு. கையெழுத்துப் போடற இடத்துல பென்சில்ல ஒரு புள்ளிகூட வச்சிருந்தாங்க. இன்னொண்ணு எதிர்ல வந்து உக்காந்து, குரலைத் தேனா வச்சுக்கிட்டுப் பேசினார். நீங்களா போயிட்டா உங்களுக்கும் மரியாதை, நல்லபடியா சான்றிதழ் தர்றோம், எங்கே போனாலும் வேலை கிடைக்கும்னார்.

"நானா போக மாட்டேன் சார். நீங்க அனுப்புங்க. எழுத்துல கொடுங்க, காரணத்தையும் எழுதுங்க."

அதுக்கென்னன்னு பேனாவை எடுத்தார். ஒழுங்கு மீறல்னு எழுதினார். எந்த ஒழுங்குன்னு கேட்டேன். கம்பெனிக்கு எதிரா பேசினதுன்னார். என்ன பேசினேன்னு கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். படுத்திருக்கிறது குழந்தையா பெரியவரான்னு மெஷின் கேக்கணும்னு சொன்னேன், அதுக்காக வேலையை விட்டு அனுப்பறோம்னு எழுதுங்க, நான் வாங்கிட்டு இப்பவே போயிடறேன்னு சொன்னேன். அவர் பேனா தாள் மேல நின்னுடுச்சு. வக்கீலைக் கேட்டுட்டு வர்றேன்னு மாடிக்குப் போனார். ரொம்ப நேரம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து, நாளைக்குத் தர்றோம்னு சொல்லிட்டுப் போனார். மறுநாள், அடுத்த வாரம்னாங்க.

அதுக்குள்ள ஆஸ்பத்திரிகள்ல இருந்து ஒண்ணொண்ணா கடிதம் வர ஆரம்பிச்சுடுச்சு, பேனலை எப்போ மாத்தித் தரப் போறீங்கன்னு. பக்கத்து மேஜைக்காரங்க என்கிட்ட பேசலாமா கூடாதான்னு தெரியாம திணறிக்கிட்டிருக்காங்க. நான் தினமும் நேரத்துக்குப் போறேன், என் நாற்காலியில உக்கார்றேன், வேலையைப் பார்க்கிறேன். இன்னொண்ணு அந்தப் பக்கம் வந்தா நானே கேக்கறேன், காரணம் எழுதியாச்சா சார்னு. இன்னி வரைக்கும் அதை எழுத அங்கே ஒருத்தருக்கும் கை வரலை.